கோடிக்கரைக்கு ஒரு பயணத் திட்டம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

நாகல் நகரில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று, "இரண்டு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது; எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கொடைக்கானல் என்பார்கள். ஒருவர் பழநி என்பார். மீதியுள்ள ஒருவர், "மலைக்கோட்டைமேல் ஏறி இறங்கிவிட்டு, வீட்டில் காலை நீட்டிப் படு" என்பார். திண்டுக்கல்காரர்களுக்கு எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை உண்டு. கடலோ எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். ஆகவே சுற்றுலா என்றால் மேலே ஏறுவது என்றே நமக்குப் பழகிவிட்டது.

எங்கள் வீட்டில் கோடிக்கரைக்குப் போகப் பேச்சு எழுந்ததும், பக்கத்து வீட்டு மாமா, "கொடைக்கானல் பக்கத்திலிருக்கக் கோடிக்கரை எதற்கு?" என்று கேட்டார். எதுகை நன்றாக இருந்தது, கேள்வியும் நியாயமானதே. இக்கட்டுரை அவருக்கு நான் சொன்ன பதிலின் விரிவு என்று கொள்ளலாம்.

இப்பயணம் இன்னும் நடைபெறவில்லை. வரும் மாசியில்தான் நடக்க இருக்கிறது. நடக்காத பயணத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் எண்ணலாம். போய்வந்த பிறகு எழுதும் கட்டுரைகளில் கண்ட காட்சிகள் இருக்கும். போவதற்கு முன் எழுதுவதில் வேறொரு பயன் உண்டு. ஓர் இடத்துக்கு எப்போது போவது, யாருக்காகப் போவது, போய் எதைச் செய்யாமல் இருப்பது என்று ஆராயத் தொடங்கினால், அந்த இடமே பாதி தெரிந்துவிடுகிறது. அவ்வாறு நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஏன் கோடிக்கரை?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை வடக்கிலிருந்து இறங்கி வந்து, சட்டென்று மேற்கே மடங்கும் முனையே கோடிக்கரை. 'கோடி' என்றாலே கடைசி, முனை என்றுதானே பொருள்? ஒருபுறம் வங்காள விரிகுடா. மறுபுறம் பாக் நீரிணை. கடலுக்கு அப்பால் 60 கிலோமீட்டருக்குள் யாழ்ப்பாணத்துக் கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு, பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு ஈழத்துக்குப் புறப்பட்ட இடம் என்றால் உடனே விளங்கும்.

1967-ஆம் ஆண்டு தமிழக அரசு இங்கே வனவிலங்குப் புகலிடம் அமைத்தது. அதன் முதல் நோக்கம் வெளிமானைக் காப்பது. புல்வாய், இரலை என்றெல்லாம் நம் பழைய நூல்கள் குறிப்பிடும் அதே மான்தான். ஆணுக்கு முறுக்கிய நீண்ட கொம்பு. வயது ஏற ஏற முதுகு கறுத்து, வயிறு மட்டும் வெள்ளையாக நிற்கும். பெண் மானுக்கு மங்கிய பழுப்பு நிறம். இது அடர்ந்த காட்டை விரும்பாத விலங்கு. தொலைவில் வரும் பகையைக் கண்டு ஓடித் தப்புவதே அதன் வழி. ஆகையால் திறந்த புல்வெளி வேண்டும். வெளியில் வாழ்வதால் வெளிமான். பெயரிலேயே விலங்கியல் பாடம் இருக்கிறது பாருங்கள்! அந்தப் புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்து பரவுவதுதான் மானுக்கு நேர்ந்த பெரிய தொல்லை. நம் ஊர்க் கண்மாய்களில் நாம் காணும் அதே முள்மரம் அங்கேயும் போய் நிற்கிறது.

புல்வெளியை ஒட்டியுள்ள காடு, உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகையைச் சேர்ந்தது. ஆண்டில் சில மாதங்களே மழை. எனினும் இலை முழுவதும் உதிர்வதில்லை. பாலை மரங்கள் மிகுதி. கடற்காற்றில் வளர்வதால் மரங்கள் ஓங்கி உயராமல் குட்டையாக, நெருங்கி நிற்கும். எப்போதோ மனிதரிடமிருந்து பிரிந்து காட்டு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்ட மட்டக்குதிரைகளும் இங்கே மேய்கின்றன. காட்டில் மிக உயர்ந்த இடம் இராமர் பாதம் என்னும் மணல்மேடு. அதுவே சில மீட்டர் உயரந்தான். மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதை 'உயர்ந்த இடம்' என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அவ்வளவு தட்டையான நிலத்தில், அந்தச் சில மீட்டர் உயரமே வெள்ளக் காலத்தில் பெரிய விஷயமல்லவா?

கோடிக்கரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவை பறவைகள். சாலிம் அலி வழிகாட்டிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960-களில் தொடங்கி இங்கே பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, காலில் மெல்லிய உலோக வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. வளையத்தில் ஓர் எண்ணும், கண்டெடுப்பவர் பம்பாய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்கும். அந்தப் பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டால், அது எங்கிருந்து எங்கே போனது என்பது தெரிந்துவிடும். கொசு உள்ளான் என்றொரு பறவை உண்டு. சிட்டுக்குருவி அளவுதான், எடை முப்பது கிராம் இருந்தால் அதிகம். அது முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய பனிச் சமவெளியில். குளிர்காலத்தைக் கழிக்க வருவது நம் உப்புச் சதுப்புக்கு. பூநாரைகள் நீண்ட காலை ஊன்றி, கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டி உண்ணுகின்றன. உண்ணும் இரையிலிருந்துதான் அவற்றுக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் வருகிறது.

2002 ஆகஸ்டில் கோடிக்கரையும் அதை ஒட்டிய உப்புச் சதுப்புகளும் காயலுமாக 385 சதுர கிலோமீட்டர் பரப்பு, ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஈரானில் ராம்சார் நகரில் 1971-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றது கோடிக்கரை. இருபது ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் மற்ற இடங்கள் சேர்ந்தன.

யாருக்காக?

இவ்வளவும் நான் விலங்கியல் மாணவி என்பதால் சேர்த்த செய்திகள். ஆனால் கோடிக்கரை என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் பாடப்புத்தகத்தின் வழியாக வரவில்லை. உப்பு மூட்டையின் வழியாக வந்தது.

என் தந்தை தோல் மண்டியில் உப்புப் போடுபவர். திண்டுக்கல் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை எல்லோரும் அறிவோம். தோல் ஷாப்புகளின் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஷாப்புக்குப் போகும் முன் பச்சைத் தோல் மண்டிக்கு வரும். உரித்த தோலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, கை நிறைய உப்பை அள்ளி வீசித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும்; நீர் குறைந்தால் கிருமி வளராது. தோலின் எடையில் ஏறத்தாழப் பாதி அளவு உப்பு இதற்கு வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளாக அப்பா இதைச் செய்துவருகிறார். அவருடைய விரலிடுக்குகளில் புண் ஆறியதை நான் பார்த்ததே இல்லை. ரசம் சாதம் பிசையும்போது கையை ஒரு மாதிரி மடக்கிக்கொள்வார். சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மண்டிக்கு உப்பு கொண்டுவரும் லாரிகளில் ஒன்றின் ஓட்டுநர் வேதாரண்யத்துக்காரர். மூட்டை இறக்கும் நேரத்தில் அவர் அப்பாவிடம் ஊர்க்கதை பேசுவாராம். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டுவது, வெயிலில் அது காய்ந்து உப்புப் பூப்பது, பாத்தியிலேயே பறவைகள் வந்து மேய்வது, பக்கத்துக் காட்டில் மான் துள்ளுவது எல்லாம் அவர் வாயால் கேட்டவை. அப்பா கடலைப் பார்த்ததில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கடலின் உப்பைக் கையால் அள்ளியவர் கடலைப் பார்த்ததில்லை!

ஒருநாள் இரவு அவர் கேட்டார்: "ஏம்மா, அங்க உப்பு வார்றவங்க கையும் இப்படித்தான் இருக்குமோ?"

அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் பதில் தேடுவது? உப்பளத் தொழிலாளர்களின் பாதமும் கையும் உப்பு நீரால் தடித்து வெடிக்கும் என்றும், வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் கெடும் என்றும் படித்திருக்கிறேன். சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு வேண்டியது செய்தி அன்று. அந்த மனிதர்களை நேரில் பார்ப்பது. அன்றுதான் இந்தத் திட்டம் தொடங்கியது. நான் காண விரும்புவது பூநாரை. அப்பா காண விரும்புவது உப்பு. அம்மா காண விரும்புவது வேதாரண்யம் கோயில். ஒரே பயணத்தில் மூன்றும் கூட வேண்டும்.

எப்போது?

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுந்தது. நமக்கு விடுமுறை மே மாதத்தில். அந்த மாதத்தில் உப்பளம் மும்முரமாக இருக்கும். ஆனால் பறவைகள் வட நாடுகளுக்குத் திரும்பிப் போயிருக்கும். பறவைகளுக்கு உரிய காலம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆனால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மழைநீர் பாத்தியில் விழுந்தால் உப்புக் கரைந்து போகுமல்லவா? அப்பாவின் காலமும் என் காலமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் போகலாம் என்று முதலில் ஒரு யோசனை எழுந்தது. அம்மா உறுதியாக மறுத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரைக்குப் போகக் கூடாது என்பது அவருடைய கட்சி. அதற்குக் காரணம் உண்டு. 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு புயல் கரை கடந்தது. அம்மாதத்துப் பெருமழையில்தான் நம் பக்கத்து வேடசந்தூர் வட்டத்தில் குடகனாற்று அணை உடைந்தது. எங்கள் பாட்டி அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கோடிக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்தன. மான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்தன. அந்தப் புயல் வலுவிழந்து நம் மாவட்டத்தின் வழியாகத்தான் கேரளத்தை நோக்கிப் போயிற்று. கோடிக்கரையை நாம் போய்ப் பார்த்ததில்லையே தவிர, கோடிக்கரையின் காற்று நம்மைத் தேடி வந்திருக்கிறது.

பொங்கல் விடுமுறையைப் பற்றி ஆராய்ந்தோம். பறவைகளுக்கு அது சிறந்த காலம். ஆனால் தை பிறந்ததும் உப்பளத்தில் வரப்புக் கட்டுவதும் பாத்தி சீர்செய்வதும்தான் நடக்கும். சேற்றைக் காட்டி, "இதுதான் உப்பு" என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மேலும், தை அமாவாசையன்று கோடிக்கரைக் கடலில் நீராட மக்கள் திரண்டு வருவார்கள். கூட்டம் உள்ள நாளில் நீராடலாம். மானைப் பார்க்க முடியாது.

அதன் பிறகு எஞ்சியது மாசி. பிப்ரவரி கடைசி வாக்கில் முதல் உப்பு வாரத் தொடங்கியிருக்கும். வட நாட்டுப் பறவைகளில் ஒரு பகுதி இன்னும் புறப்பட்டிருக்காது. நீண்ட பயணத்துக்கு முன் அவை இரவும் பகலும் இரை தின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் அது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் அதுவே. அந்த முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். வெளிமான் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பது. வேதாரண்யத்தில் மாசி மகத் திருவிழாக் கூட்டம் நிறையும் நாள்களை மட்டும் விலக்கிவிட்டால், மாசியில் மூவருக்கும் இடம் உண்டு.

இந்த முடிவுக்கு வர எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. நம்முடைய நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்கும் கடலுக்கும் நாள் குறிக்க முடியாது. மழைக்கு ஒரு காலம், உப்புக்கு ஒரு காலம், பறவைக்கு ஒரு காலம், ஆமைக்கு ஒரு காலம். அவற்றுக்கிடையே எங்கே இடுக்கு இருக்கிறது என்று பார்த்து நாம்தான் நுழைய வேண்டும்.

எப்படி?

நாள் முடிவானதும் வழி. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கும், அங்கிருந்து தஞ்சைக்கும் இரயில். தஞ்சையிலிருந்து இரண்டு வழிகள் உள்ளன. திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி போய், அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு இரயிலிலேயே போவது ஒன்று. பழைய மீட்டர் பாதையை மாற்றி அமைத்த 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் திறக்கப்பட்டது. உப்பு ஏற்றிச் செல்வதற்கும் பயன்படும் பாதை என்பதால் அப்பாவுக்கு அதில் தனி ஆவல். இரயில் எண்ணிக்கை குறைவு. புறப்படுவதற்கு முன் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மற்றொன்று, தஞ்சையிலிருந்து மன்னார்குடி வழியாகப் பேருந்தில் போவது. இவ்வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது. அதுவும் பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடங்களுள் ஒன்று. நன்னீர் ஏரிப் பறவைகளை அங்கே பார்த்துவிட்டு, உப்பு நீர்ப் பறவைகளைக் கோடிக்கரையில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். எங்களுக்கு நேரம் குறைவு. ஆகவே போகும்போது மன்னார்குடி வழிப் பேருந்து. வடுவூரைச் சன்னல் வழியாகவே பார்ப்பது. திரும்பும்போது முடிந்தால் இரயில் என்று வைத்துக்கொண்டோம். வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை 11 கிலோமீட்டர், பேருந்து உண்டு. காட்டுக்குள்ளே தங்க விரும்புகிறவர்கள் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் வேதாரண்யத்தில் ஓர் எளிய விடுதியில் தங்குவதாக இருக்கிறோம்.

அடுத்தது பணம். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த மாதம் 1,000 ரூபாயிலிருந்து, நூறும் இருநூறுமாக ஒதுக்கிவைத்ததில் 4,000 ரூபாய் சேர்ந்திருந்தது. மூன்று பேருக்குப் போக்குவரத்து, ஓர் இரவு தங்கல், சாப்பாடு என்று கணக்கெழுதிப் பார்த்தேன். முதல் நாள் மதியத்துக்கும் இரவுக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் போதும். கையில் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் செலவுக் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. அப்பாவுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. தவிர, சனிக்கிழமைதான் வாரக்கூலி தரும் நாள். "உப்பப் பாக்கிறதுக்கு உப்புல சம்பாதிச்ச காசையா செலவழிக்கிறது?" என்று இரண்டு முறை திட்டத்தையே கைவிடச் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவர் அன்றிரவு கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை; அவரும் மறக்கவில்லை என்பது, லாரி ஓட்டுநரிடம் அவர் வழி விசாரித்து வந்ததிலிருந்து தெரிந்தது. கடைசியில் மேஸ்திரியிடம் போய்ப் பேசியவர் அம்மாதான். வெள்ளிக்கிழமை மாலையே கூலியை வாங்கிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். ஒரு நாள் கூலி இழப்பு இழப்புதான். அதை நான் என் கணக்கில் 'அப்பாவின் பங்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதிகாலை யாருக்கு?

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டால் பிற்பகலில் வேதாரண்யம் போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் திரும்பினால்தான் இரவு வீடு வந்து, திங்கள் காலையில் அப்பா மண்டிக்கும் நான் கல்லூரிக்கும் போக முடியும். ஆக எங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலையும் ஓர் அதிகாலையும். பறவை பார்க்கச் சிறந்த நேரம் அதிகாலை என்பது விலங்கியல் மாணவர் அனைவரும் அறிந்தது. உப்பளத்திலும் வெயில் ஏறுமுன்னே, விடியற்காலையில்தான் வேலை நடக்கும். ஓர் அதிகாலையை இரண்டு இடத்துக்குப் பங்கிட முடியாது.

யோசித்து, மாலையை நான் எடுத்துக்கொண்டேன்; அதிகாலையை அப்பாவுக்குக் கொடுத்தேன். மாலையிலும் மான்கள் புல்வெளிக்கு வரும். சூரியன் சாயும்போது பறவைகள் கூட்டமாக இடம் மாறும். அது எனக்குப் போதும். மேலும், உள்ளான்களும் கால்நெடியான்களும் உப்பளத்தின் ஆழமில்லாத பாத்திகளிலேயே இரை தேடுகின்றன. ஆகவே அப்பா உப்பைப் பார்க்கும்போது நான் வரப்பில் நின்று பறவையைப் பார்க்கலாம். துறையிலிருந்து இருகண் நோக்கி ஒன்றை இரவல் தருவதாக எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.

அகஸ்தியம்பள்ளி உப்பளங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து 150 மைல் நடந்து வந்து, ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பெடுத்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருபவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவைத்ததாகச் சொல்வார்கள். வேதாரண்யம் வேதரத்தினம் பிள்ளை அப்போராட்டத்தின் தூண். நாங்கள் திருச்சியிலிருந்து இரயிலிலும் பேருந்திலும் சாய்ந்தபடி போகப்போகும் தொலைவை அவர்கள் சித்திரை வெயிலில் நடந்தார்கள். அந்த உப்பை அன்று எடுத்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. நாள்தோறும் எடுப்பவர்களைப் பார்க்க நாங்கள் போகிறோம்.

எதைச் செய்யாமலிருப்பது?

பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைப் போலவே, செய்யக்கூடாதவற்றின் பட்டியலும் எழுதினேன். பூநாரைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்புவதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டுக் கை தட்டுபவர்களும் கல்லெறிபவர்களும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கச் சேர்த்துவைத்த கொழுப்பை, நம் படத்துக்காக அவை செலவழிக்க வேண்டுமா? அப்பாவின் ஒரு நாள் கூலி எங்களுக்கு எவ்வளவோ, அவ்வளவு பெரிது அவற்றுக்கு அந்தச் சேமிப்பு. வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. துரத்துவது குற்றம். குரங்குக்கும் மட்டக்குதிரைக்கும் தின்பண்டம் நீட்டக் கூடாது. பளிச்சிடும் உடை வேண்டாம். அம்மாவின் சிவப்புச் சேலை கோயிலுக்கு மட்டும். பாலிதீன் பை எதையும் அங்கே விட்டுவரக் கூடாது. உப்பளத்தில் பாத்திக்குள் காலை வைக்கக் கூடாது; ஒரு தடம் பட்டாலும் அன்றைய உப்பில் சேறு கலந்துவிடும். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கடைசி இரண்டும் அப்பா சொல்லி எழுதியவை.

நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

நம் மாவட்டத்திலேயே பார்க்க வேண்டியவை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. அதற்கும் ஒரு திட்டம் போட வேண்டும். தேவாங்கு இரவில் நடமாடும் விலங்காகையால், அங்கே போவதற்கு வேறொரு கணக்கு.

நம் துறைகளின் கல்விச் சுற்றுலாக்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். பேருந்து கிடைக்கும் நாளையும் தேர்வு இல்லாத வாரத்தையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருக்கிறது. இடத்தை முதலில் முடிவு செய்து, அந்த இடம் எப்போது உயிரோடு இருக்கும் என்று பார்த்து நாள் குறித்தால், ஒரு பயணம் ஒரு பருவத்துப் பாடத்துக்கு ஈடாகும். விலங்கியல் துறையும் வரலாற்றுத் துறையும் பொருளாதாரத் துறையும் சேர்ந்தே கோடிக்கரைக்குப் போகலாம். மூன்றுக்கும் அங்கே பாடம் இருக்கிறது. நம்மிடையே கடலைப் பார்க்காத மாணவர்கள் எத்தனை பேர் என்று வகுப்புதோறும் கை உயர்த்தச் சொன்னால், பேருந்துக்கு வேண்டிய ஆள் தானே சேர்ந்துவிடும்.

எங்கள் திட்டத்தில் இன்னும் சில வேலைகள் பாக்கி. விடுதிக்கு முன்பணம் அனுப்ப வேண்டும். அப்பாவுக்கு விரலிடுக்கில் போட மருந்து வாங்க வேண்டும். கடல் நீரில் கையை வைக்காமல் அவர் திரும்பமாட்டார் என்று அம்மா சொல்கிறார். லாரி ஓட்டுநர், தமக்குத் தெரிந்த உப்பளத்துக் குடும்பம் ஒன்றிடம் நாங்கள் வருவதைச் சொல்லிவைப்பதாக வாக்களித்திருக்கிறார். அவர்களுக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது. திண்டுக்கல் பூட்டு என்றார் அம்மா. சிறுமலை வாழைப்பழம் என்றேன் நான். அப்பா மட்டும் முடிவாகச் சொன்னார்: "கைக்குத் தடவ ரெண்டு டப்பா மருந்து சேத்து வாங்கு. அவங்களுக்கும் வேண்டியிருக்கும்."